காவிரித் தீவில் கதை சொல்லும் மாளிகை!

முதலில் உங்கள் அட்லஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியப் படத்தைத் திருப்பி, காவிரி ஆற்றின் மேல் விரலை வையுங்கள். குடகு மலையில் தலைக்காவிரியில் ஆரம்பித்து, விரலை மெதுவாகக் கிழக்கே நகர்த்துங்கள். மைசூருக்கு வடக்கே, சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேர்கிறது. நடுவில் ஒரு நிலத்துண்டு. அதுதான் ஸ்ரீரங்கப்பட்டணம்! இன்றைக்கு நாம் போகப்போகும் ஊர்.

விரலை எடுத்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். சிவனசமுத்திரத்தில் காவிரி மறுபடி பிரிந்து சேரும். அதையும் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து திருச்சியை நெருங்கினால் இன்னொரு தீவு. அது எது? சரியாகச் சொன்னீர்கள், ஸ்ரீரங்கம்! மூன்று தீவுகள், மூன்றிலும் ரங்கநாதர் கோயில். ஆதி ரங்கம், மத்திய ரங்கம், அந்திய ரங்கம் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

ஆற்றின் நடுவே இருக்கும் தீவுக்குத் தமிழில் அழகான பெயர்கள் உண்டு. 'ஆற்றிடைக்குறை' என்பது ஒன்று. 'துருத்தி' என்பது இன்னொன்று. தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பூந்துருத்தி என்று ஓர் ஊர் இருக்கிறதல்லவா? 'அரங்கம்' என்ற சொல்லுக்கும் ஆற்றிடைக்குறை என்ற பொருள் உண்டு. அகராதியைப் பிரித்துப் பாருங்கள்!

ஆறே அகழி

கோட்டை கட்டும் ராஜாக்கள் அதைச் சுற்றி அகழி வெட்டுவார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அந்தச் சிரமம் பாதி குறைவு. காவிரியே சுற்றி ஓடுகிறதே! அதனால்தான் மைசூரை ஆண்ட உடையார்களும், அவர்களுக்குப் பின் ஹைதர் அலியும், அவர் மகன் திப்பு சுல்தானும் இந்தத் தீவைத் தலைநகராக வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்த அகழிக்கு ஒரு குறை உண்டு. அது வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. தென்மேற்குப் பருவமழை குடகில் கொட்டும்போது காவிரி பொங்கி ஓடும். அப்போது எந்தப் படையும் கடக்க முடியாது. கோடையில் பாறைகள் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றிவிடும்.

1791ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பிரபு படையோடு இந்தத் தீவுக்கு அருகில் வந்துவிட்டார். மழை தொடங்கிவிட்டது. உணவு இல்லை, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. தம்முடைய பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். 1799ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்த மே 4ஆம் தேதி, நடுப்பகலில் ஆற்றில் இறங்கிக் கடந்து கோட்டையைப் பிடித்தார்கள். அன்றே திப்பு சுல்தான் போரில் இறந்தார்.

பாருங்கள் குழந்தைகளே, ஒரு மழை ஒரு ராஜ்ஜியத்தைக் காப்பாற்றியது. எட்டு வருடம் கழித்து மழைக்கு முன்பே எதிரி வந்ததும், அந்த ராஜ்ஜியம் போயிற்று.

தோட்டத்துக்குள் போவோம்

இப்போது கோட்டையை விட்டு வெளியே வாருங்கள். கிழக்கே ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் போனால் ஒரு பெரிய வாசல். உள்ளே நீண்ட நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் புல்வெளி, மரங்கள். பாதையின் கடைசியில் பச்சைத் திரைகள் தொங்கும் ஒரு தாழ்வான கட்டடம். 'இதுவா அரண்மனை?' என்று உங்களுக்குத் தோன்றும். கோபுரம் இல்லை, உச்சியில் கலசம் இல்லை. ஓட்டு வீட்டுக்குப் பெரிய தாழ்வாரம் போட்ட மாதிரி இருக்கும்.

இதன் பெயர் தரியா தௌலத் பாக். 'கடலின் செல்வம்' என்னும் தோட்டம் என்று பொருள். 1784ஆம் ஆண்டு திப்பு சுல்தான் கட்டிய கோடை மாளிகை. உயரமான மேடை மேல், பெரும்பாலும் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. நான்கு பக்கமும் தாழ்வாரம், செதுக்கிய மரத்தூண்கள்.

பச்சைத் திரைகள் எதற்கு? வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக. வெயில் பட்டால் என்ன ஆகும்? உள்ளே போனதும் புரிந்துவிடும். தரையைத் தவிர, கண் போகிற இடமெல்லாம் வண்ணம்! தூண், வளைவு, கூரை, சுவர் என்று ஓர் இடம் விடாமல் பூவும் கொடியும் வரைந்திருக்கிறார்கள். மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் பொன்னிறமும் கலந்து, ஒரு பெரிய கம்பளத்தை விரித்து வீட்டுக்கு உடுத்திவிட்ட மாதிரி இருக்கும்.

மேற்குச் சுவரில் ஒரு போர்

கூரையைப் பார்த்துக் கழுத்து வலித்தால், மேற்குச் சுவருக்கு வாருங்கள். அங்கே ஒரு போரே நடந்துகொண்டிருக்கிறது! அது நம் பக்கத்துப் போர். காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள புள்ளலூரில், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி நடந்தது. ஆங்கிலேயர்கள் அந்த ஊரைப் 'பொல்லிலூர்' என்று எழுதினார்கள். கர்னல் பெய்லி என்பவரின் ஆங்கிலேயப் படை அந்த வழியாக வந்தபோது, ஹைதரும் திப்புவும் அதை வளைத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் இன்னொரு பெரிய ஆங்கிலேயப் படை, ஹெக்டர் மன்றோ என்பவரின் கீழ் இருந்தது. அது சரியான நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஆங்கிலேயப் படை தோற்றது. பெய்லி கைதியாக இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1782ஆம் ஆண்டு இங்கேயே இறந்தார்.

அந்தப் போரைத்தான் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள். ஒரு விளையாட்டு விளையாடலாமா? கீழே சொல்பவற்றைச் சுவரில் கண்டுபிடியுங்கள்.

* சதுரமாக வரிசை கட்டி நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள்.
* அவர்களுக்கு நடுவே பல்லக்கில் இருக்கும் காயம்பட்ட பெய்லி.
* வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி.
* கையில் தூரதரிசினிக் குழாயுடன் ஒரு வெள்ளைக்காரத் தளபதி.

கடைசியில் சொன்னவர் யார் தெரியுமா? லல்லி என்ற பிரெஞ்சுக்காரர்! மைசூர்ப் படையோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தவர். 'எங்கள் புதுச்சேரியில் லல்லி தொலெந்தால் வீதி இருக்கிறதே, அவரா?' என்று கேட்பீர்கள். அவர் இல்லை. வீதிக்குப் பெயர் கொடுத்த லல்லி 1766ஆம் ஆண்டே பாரீஸில் மரண தண்டனை பெற்று இறந்துவிட்டார். பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. வருடத்தைப் பார்க்க வேண்டும்.

திப்புவுக்கும் புதுச்சேரிக்கும் வேறு ஒரு தொடர்பும் உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் உதவி கேட்க மூன்று தூதர்களை அவர் அனுப்பினார். 1787ஆம் ஆண்டு அவர்கள் கப்பல் ஏறியது நம் புதுச்சேரியில்தான்.

அழித்தார்கள், வரைந்தார்கள்

இனிமேல்தான் முக்கியமான கதை. நீங்கள் பார்க்கும் இந்தப் போர்ச் சித்திரம் 1784ஆம் ஆண்டிலிருந்து அப்படியே இருக்கிறதா? இல்லை!

ஆங்கிலேயர்கள் முற்றுகையிடுவதற்கு முன்பே இது சிதைக்கப்பட்டிருந்தது. 1799ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆர்தர் வெல்லெஸ்லி என்ற ஆங்கிலேயக் கர்னல் இந்த மாளிகையில் குடியிருந்தார். பிற்காலத்தில், 1815ஆம் ஆண்டு, வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன் பிரபுதான் அவர். அவர் சித்திரத்தைத் திரும்பச் சரிசெய்ய வைத்தார்.

அவர் போன பிறகு? சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்! யானை, குதிரை, பல்லக்கு எல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டன. இப்படியே ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு மைசூர்ப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தார். 1850களில் நடந்தது இது. சித்திரத்தைத் திரும்ப வரையும்படி உத்தரவிட்டார். வரைவதற்கு மாதிரி வேண்டுமே! அப்போது கைகொடுத்தவர் ஓர் இந்திய ஓவியர். பழைய சித்திரத்தைப் பார்த்தவர். எந்த இடத்தில் யார் நின்றார்கள் என்பதை நினைவில் வைத்திருந்தவர். அவர் நினைவிலிருந்துதான் அந்தப் போர் மறுபடி சுவருக்கு வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராஜா இல்லை, தளபதி இல்லை, கோட்டை இடிந்துவிட்டது. ஒரு மனிதர் ஒரு காலத்தில் கவனமாகப் பார்த்திருந்தார். அந்தக் கவனம்தான் இந்தச் சித்திரத்தை நமக்குக் கொடுத்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அது ஆங்கிலேயர்கள் தோற்ற போர். அதைத் திரும்ப வரையச் சொன்னவர்களும் ஆங்கிலேயர்கள். ஏன்? தைரியமான எதிரியை மதித்தார்களா? 'இவ்வளவு பெரிய எதிரியைக் கடைசியில் நாங்கள் வென்றோம்' என்று காட்ட நினைத்தார்களா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்கள்.

துப்பறியும் வேலை

திரும்ப வரைந்த சித்திரம் என்றால், எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிப்பது எப்படி? அதற்கு ஒரு துப்பு கிழக்குச் சுவரில் இருக்கிறது.

அங்கே பல ராஜாக்களின் தர்பார்க் காட்சிகள் சிறு சிறு கட்டங்களாக உள்ளன. தஞ்சாவூர் ராஜா இருக்கிறார். காசி ராஜா இருக்கிறார். சித்திரதுர்க்கத்து மதகரி நாயக்கர் இருக்கிறார். மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் இருக்கிறார்.

மாளிகை கட்டியது 1784ஆம் ஆண்டு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பிறந்தது 1794ஆம் ஆண்டு. அரியணை ஏறியது திப்பு இறந்த பிறகு, 1799ஆம் ஆண்டு, ஐந்து வயதில். பிறக்காத ராஜாவை யாராவது வரைவார்களா? மாட்டார்கள். அப்படியானால் அந்தக் கட்டம் பிற்காலத்தில் வரைந்தது. கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும், நீங்களும் வரலாற்று ஆராய்ச்சியாளர்தான்!

உங்கள் வயதுப் பிள்ளைகள் இருவர்

மாளிகைக்குள் 1959ஆம் ஆண்டிலிருந்து அருங்காட்சியகம் நடக்கிறது. நாணயங்கள், பதக்கங்கள், பழைய அச்சுப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் பென்சிலால் வரைந்த முகங்களைத் தவறவிடாதீர்கள். அவை திப்புவின் மகன்களும் அவரைச் சேர்ந்தவர்களும்.

1792ஆம் ஆண்டு காரன்வாலிஸ் மறுபடி வந்தார். இந்த முறை திப்பு தோற்றார். பாதி ராஜ்ஜியத்தைக் கொடுக்க வேண்டும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். பணம் முழுவதும் வந்து சேரும்வரை பிணையாக இரண்டு மகன்களை அனுப்ப வேண்டும். அப்துல் காலிக், முயிசுத்தீன். சுமார் பத்து வயதும் எட்டு வயதும்.

பெரியவர்கள் போட்ட சண்டைக்காக இரண்டு சிறுவர்கள் அப்பா அம்மாவை விட்டுச் சென்னைக்குப் போய், இரண்டு வருடம் எதிரியின் பாதுகாப்பில் இருந்தார்கள். 1794ஆம் ஆண்டுதான் திரும்பி வந்தார்கள். ஐந்து வருடம் கழித்து அப்பாவும் இல்லை. குடும்பம் முழுவதையும் நம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். 1806ஆம் ஆண்டு வேலூரில் சிப்பாய்கள் எழுச்சி நடந்தபோது அவர்கள் அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தார்கள். அதன்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

திப்பு நல்லவரா, கெட்டவரா என்று பெரியவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நீங்கள் வளர்ந்து, நிறையப் படித்து, உங்கள் முடிவுக்கு வாருங்கள். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளை மறக்காதீர்கள். போர் என்றால் யானையும் குதிரையும் மட்டும் இல்லை.

ஊட்டிக்குப் போன அரண்மனை

'இந்தக் கோடை மாளிகை இருக்கிறது. திப்பு வசித்த பெரிய அரண்மனை எங்கே?' என்று கேட்கிறீர்களா? அது கோட்டைக்குள், ரங்கநாதர் கோயிலுக்கு அருகில் இருந்தது. பெயர் லால் மஹால். இன்று அங்கே போனால் அடித்தளம் மட்டும்தான் தெரியும்.

அதன் மரங்கள் எங்கே போயின தெரியுமா? ஊட்டிக்கு! 1830ஆம் ஆண்டு அங்கே கட்டி முடிக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பெரிய உத்திரங்கள் இங்கிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனவை. அடுத்த முறை ஊட்டிக்குச் சுற்றுலா போனால், தேவாலயத்தில் நின்று மேலே பாருங்கள்.

ஒரே தீவில் இரண்டு மாளிகைகள். ஒன்றை யாரோ பழுதுபார்த்தார்கள், அது நிற்கிறது. இன்னொன்றைப் பிரித்தார்கள், அது தரையோடு போயிற்று. கட்டடங்கள் தாமாகப் பிழைப்பதில்லை. யாராவது ஒருவர் 'இது இருக்கட்டும்' என்று நினைக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

* மைசூர்ப் படை இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகளைப் போரில் பயன்படுத்தியது. அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் தம் ராக்கெட்டுகளைச் செய்தார்.
* அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்தில் திப்புவின் படை ராக்கெட் விடும் ஓவியத்தைக் கண்டதை, நம் அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.
* 2018ஆம் ஆண்டு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து சுமார் ஆயிரம் பழைய ராக்கெட்டுகள் எடுக்கப்பட்டன.

போவதற்கு முன்

பெங்களூர் - மைசூர் ரயில் பாதையில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு நிலையம். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இந்த மாளிகைக்கு 15 வயது வரை நுழைவுக் கட்டணம் கிடையாது. உங்களுக்கு இலவசம், அப்பா அம்மாவுக்குத்தான் டிக்கெட்! உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதுதான். காமிரா பார்ப்பதற்குப் பதில் நீங்கள் பார்ப்பீர்கள்.

ஒரு வேண்டுகோள். சுவரைத் தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் வண்ணத்தைத் தின்றுவிடும். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது போலத் தோன்றும். நாள் முழுக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தடவை தொட்டால், வெள்ளையடிப்பதும் அதுவும் ஒன்றுதான். தூணில் பெயர் செதுக்குகிறவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்!

நம் ஊரிலும் ஒரு தீவு

'அவ்வளவு தூரம் எங்களால் போக முடியாதே' என்று முகம் வாட வேண்டாம். நம் பக்கத்திலேயே ஓர் ஆற்றிடைக்குறை இருக்கிறது, நீங்கள் அதன் வழியாகத்தான் பட்டணம் போகிறீர்கள்.

எங்கள் அபிஷேகப்பாக்கத்திலிருந்து தவளக்குப்பம் போய், கடலூர் சாலையில் புதுச்சேரிப் பஸ் ஏறுங்கள். நோணாங்குப்பம் அருகே சுண்ணாம்பாற்றுப் பாலம் வரும். கொஞ்ச தூரத்தில் அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலம் வரும். சங்கராபரணி ஆறுதான் கடலுக்குப் போகும் முன் இப்படி இரண்டாகப் பிரிகிறது. இரண்டு பாலத்துக்கும் நடுவே இருப்பது தீவு! அங்கேதான் அரிக்கமேடு.

இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமானிய நாட்டு மதுச்சாடிகள் வந்து இறங்கிய இடம். 1937ஆம் ஆண்டு ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே கிடைத்த மணிகளையும் கற்களையும் ஆராய்ந்தார். 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் முறையாக அகழாய்வு செய்து, அதை உலகத்துக்குச் சொன்னார்.

அங்கே ஆற்றோரத்தில், மரங்களுக்கு நடுவே பழைய செங்கல் சுவர்கள் நிற்கின்றன. பார்க்கிறவர்களில் பலர் 'ரோமானியர் கட்டியது' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இல்லை! அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் நடத்திய குருமடம். வியட்நாம், சீனம் போன்ற நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் படித்த பள்ளிக்கூடம். பிஞோ தெ பெஹேன் என்ற பாதிரியார் அதன் தலைவராக இருந்தார். அவர் 1770களில் புதுச்சேரியில் இருந்தபோது வியட்நாம் மொழிக்கும் லத்தீனுக்கும் ஓர் அகராதி தொகுத்தார்.

தரியா தௌலத்துக்குக் கூரை இருக்கிறது, திரை இருக்கிறது, காவலாளி இருக்கிறார். நம் ஊர்ச் சுவர்களுக்குக் கூரை இல்லை. மழை நேராக அதன் மேல் விழுகிறது. நாளைக்கு யாராவது அதைச் சரிசெய்ய முன்வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

அது நீங்களாக இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு அரிக்கமேடு போங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். சுவரின் மேல் ஏறாதீர்கள், கீழே கிடக்கும் மணியோ ஓடோ எதையும் எடுத்து வராதீர்கள். நிதானமாகப் பாருங்கள். எத்தனை வளைவு, எங்கே விரிசல், எந்த மரத்தின் வேர் உள்ளே நுழைகிறது என்று பார்த்து வரையுங்கள். கீழே தேதி போடுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

படம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, செல்வங்களே. கவனமாகப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.